ஒன்பது நாள் பூஜ்ஜியம்

கடைக்குள் இரண்டு சலவை இயந்திரங்களும் ஒரே நேரத்தில் சுழன்றுகொண்டிருந்ததால், வெளியே குழி தோண்டிய சத்தம் லாண்டரி அக்காவுக்குக் கேட்கவில்லை. ஈர விரிப்புகளைத் தோளில் போட்டுக்கொண்டு அவள் வாசலுக்கு வந்தபோது வேலை முடிந்திருந்தது. கடையிலிருந்து ஆறடி தள்ளி, நடைபாதை விளிம்பில் புதிதாக ஒரு கம்பம். உச்சியில் வானத்தைப் பார்த்துச் சாய்ந்த சோலார் தகடு, இஸ்திரி மேஜையில் பாதி இருக்கும். மார்பளவு உயரத்தில் செருப்புப் பெட்டி அளவுக்கு ஒரு சாம்பல் நிறப் பெட்டி. பெட்டியின் முகத்தில் டார்ச் கண்ணாடி போல ஒரு வட்டம். அது சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

நட்ட இருவரும் கடப்பாரையை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பக்கத்துச் சாவிக்கடைக்காரர் அவர்களிடம் ஏதோ கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கியபடி திரும்பி வந்தார். தெருவில் அவருக்கு ரேடியோ என்று பெயர். நிறுத்துவதற்குப் பொத்தான் இல்லாத ரேடியோ என்பார் அக்காவின் கணவர்.

"என்னவாம்?" என்றாள் அக்கா.

"நடச் சொன்னாங்க, நடறோம்கறாங்க. விவரம் தெரிஞ்சவன் குழி தோண்டவா வருவான்?" ரேடியோ குரலைத் தாழ்த்தினார். "அக்கா, என் பழைய கடை வாசல்லயும் இப்படித்தான் ஒண்ணை நட்டாங்க. மேல தகடு, கீழ பெட்டி. போற வர்ற வண்டியை எண்ணிச்சு. எண்ணி முடிச்சு மூணு மாசத்துல ரோட்டை அகலம் பண்ணணும்னு இயந்திரம் வந்து நின்னுச்சு. கடை போச்சு. நான் இங்க வந்ததே அப்படித்தானே?"

ரேடியோவின் செய்திகளில் பாதியை அக்கா கழித்துவிடுவாள். இதைக் கழிக்க முடியவில்லை. ஏழு வருடங்களுக்கு முன்பு அவர் ஒரு தகரப்பெட்டியும் அரமும் மட்டும் எடுத்துக்கொண்டு இந்தத் தெருவுக்கு வந்ததை அவளே பார்த்திருக்கிறாள். சாலை பத்தடி அகலமானால் முதலில் போவது அவளுடைய இயந்திரங்கள் நிற்கும் முன்னறைதான். தண்ணீர்க் குழாய், வடிகால் எல்லாம் அங்கே. பின்னால் இருப்பது கட்டில் போட்ட ஓர் அறையும் சமையல் மேடையும்.

அந்தக் கட்டிலில்தான் அவள் கணவர் பகலில் பாதி நேரம் இருக்கிறார். இருபத்திரண்டு வருடம் பேருந்து ஓட்டியவர். ஒன்றேகால் வருடத்துக்கு முன் ஒரு காலையில் பல் துலக்கிக்கொண்டிருக்கும்போது பக்கவாதத்தில் இடது பக்கம் விழுந்துவிட்டது. தெரு இன்னும் அவரை டிரைவர் என்றுதான் கூப்பிடுகிறது. வாரத்துக்கு மூன்று நாள் இயன்முறை சிகிச்சைக்குப் போக வேண்டும். சிகிச்சை நடக்கும் மருத்துவமனை நேர் எதிரே, சாலைக்கு அந்தப் பக்கம். கடைக்கு வரும் விரிப்புகளும் தலையணை உறைகளும் அங்கிருந்துதான் வருகின்றன. வாசலில் நின்றால் மருத்துவமனைக் காவலாளி கொட்டாவி விடுவதுகூடத் தெரியும். ஆனால் நடுவில் நான்கு வரிசைச் சாலை. சிக்னல் ஒரு கிலோமீட்டர் தள்ளி. நடுத்தடுப்பில் இருக்கும் ஒரே இடைவெளி அவள் கடைக்கு நேரே என்பதால் அந்தப் பகுதியில் எல்லோரும் அங்கேதான் குறுக்கே ஓடுவார்கள்.

டிரைவரால் ஓட முடியாது. வாக்கர் என்னும் நான்கு கால் ஊன்றுசட்டத்தை முன்னால் வைத்து, வலது காலை எடுத்து வைத்து, இடது காலை இழுத்து, அவர் சாலையைக் கடக்க ஏறக்குறைய ஒன்றரை நிமிடம் ஆகும். அதற்கு அக்கா ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். மருத்துவமனையின் பெரிய வெள்ளை விரிப்பு ஒன்றை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்து, வரும் வண்டிகளுக்கு நேரே நடப்பாள். கையைக் காட்டினால் நிற்காத வண்டி வெள்ளைத் துணிக்கு நின்றது. போன மாதம் ஒரு வேன் நிற்கவில்லை. விரிப்பைக் கையிலிருந்து பறித்துக்கொண்டு போனது. சிகிச்சையாளர் அடுத்த இரண்டு மாதம் ஒரு நாள்கூட விடக்கூடாது என்று சொல்லியிருந்தார். அதனால் அடுத்த முறை அக்கா வேறு விரிப்பை எடுத்தாள்.

இப்போது கடையும் போய்விட்டால் என்ன செய்வது? கம்பத்தையே பார்த்துக்கொண்டு நின்றவள் உள்ளே போய், துணி காயப்போடும் சக்கரச் சட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தாள். ஆளுயர இரும்புச் சட்டம். அதைப் பெட்டிக்கும் சாலைக்கும் நடுவே நிறுத்தி நான்கு விரிப்புகளைத் தொங்கவிட்டாள். பெட்டியின் கண்ணுக்கு முன்னால் வெள்ளைச் சுவர்.

"பாக்க வழி இருந்தாத்தானே எண்ணும்?" என்றாள்.

ரேடியோ கை தட்டினார். "அக்கா, உங்களை மாதிரி நாலு பேர் அன்னிக்கு இருந்திருந்தா என் கடை நின்னிருக்கும்."

வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த டிரைவர் மனைவியைப் பார்த்துச் சிரித்தார். வாய் கொஞ்சம் கோணினாலும் கேலி கோணவில்லை. "கம்பத்துக்குத் திரைச்சீலை போட்ட முதல் பொம்பளை நீதான். ஜன்னலுக்குப் போடச் சொல்லி ரெண்டு வருஷமா கேக்கறேன்."

"நான் துணி காயப்போடறேன். அவ்வளவுதான். யார் கேட்டாலும் அதையே சொல்லுங்க."

தினமும் விடிந்ததும் சட்டம் வெளியே வரும். ராத்திரி கடை மூடும்போதுதான் உள்ளே போகும். எட்டு நாள் இப்படிப் போனது. அதற்குள் டிரைவர் நான்கு முறை சிகிச்சைக்குப் போய்வந்தார்.

ஒன்பதாம் நாள் காலை பத்து மணிக்கு ஏணி கட்டிய சிறிய வண்டி ஒன்று வந்து நின்றது. முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் இறங்கினாள். சட்டைப் பையில் திருப்புளி, கழுத்தில் அடையாள அட்டை. ஏணியைச் சாய்த்து ஏறி, தகட்டின் தூசியை ஈரத்துணியால் துடைத்தாள். இறங்கி வந்து பெட்டியின் பக்கவாட்டு மூடியைத் திறந்து ஒரு கருவியைச் செருகிப் பார்த்தாள். மறுபடி பார்த்தாள். பிறகு திரும்பி, சாலைக்கும் பெட்டிக்கும் நடுவே காற்றில் ஆடிய நான்கு விரிப்புகளைப் பார்த்தாள்.

"இது யாரோடது?"

ரேடியோ திடீரென்று ஒரு சாவியை மும்முரமாக அராவத் தொடங்கினார். அது ஏற்கெனவே முடிந்துபோன சாவி.

"என்னோடதுதான்" என்றாள் அக்கா.

"எப்பவும் இங்கதான் நிக்குமாக்கா?"

"வெயில் இங்கதான் நல்லா விழுது."

"அதுக்காகத்தான் நாங்களும் இங்க நட்டோம்." டெக்னீஷியன் விரிப்பின் ஒரு முனையைத் தூக்கி, கண்ணின் உயரத்தோடு ஒத்துப் பார்த்தாள். "பேட்டரி நிறைஞ்சிருக்கு, தகடு நல்லா இருக்கு, தகவலும் தவறாம போகுது. ஆனா நட்ட நாள்லேருந்து எண்ணிக்கை மட்டும் பூஜ்ஜியம். இந்த இடத்துல ஒரு ஆள்கூட ரோட்டைத் தாண்டலைன்னு சொல்லுது."

"நான் நாலு தடவை தாண்டினேன் மேடம்" என்றார் டிரைவர். "ஒவ்வொரு தடவையும் பாதி உசுரு போயிட்டு வந்துச்சு."

அக்கா கையிலிருந்த வாளியைக் கீழே வைத்தாள். "ஆளையா எண்ணுது? வண்டியை இல்லையா?"

"வண்டியை எண்ண ரோட்டுக்குக் குறுக்கே கறுப்புக் குழாய் போடுவோம். பாத்தாலே தெரியும். இது உடம்புச் சூட்டை வச்சு நடந்து போறவங்களை மட்டும் எண்ணும். காலை ஆறுலேருந்து ராத்திரி எட்டு வரைக்கும். படம் எடுக்காது, யாருன்னு தெரியாது. சூடா ஒண்ணு இந்தப் பக்கம் போச்சு, அந்தப் பக்கம் வந்துச்சு, அவ்வளவுதான்."

அரம் நின்றது. "அப்ப ரோட்டை அகலம் பண்றதுக்கு இல்லையா?" என்று கடைக்குள்ளிருந்தே கேட்டார் ரேடியோ.

"அந்த மாதிரி வேலை எதுவும் எங்ககிட்ட வரலைங்க. இது வேற. யாரோ மனு குடுத்திருக்காங்க, பொத்தானை அமுக்கினா வண்டி நிக்கற சிக்னல் வேணும்னு. போடறதுக்கு முன்னாடி எத்தனை பேர் நடக்கறாங்கன்னு பாக்கணும்ல? கரண்ட் இழுத்து ரோட்டைத் தோண்டினா மாசக்கணக்காகும். அதான் சூரியன்ல ஓடற பெட்டி. இங்க பதினாலு நாள் நிக்கும். பிடுங்கி அடுத்த இடத்துல நட்டுடுவோம்."

"அட" என்றார் டிரைவர். "இருபத்திரண்டு வருஷம் ரோட்டோரத்துல இந்தப் பெட்டிங்களைப் பாத்துக்கிட்டே போயிருக்கேன். வளைவுல மினுக்குறது மட்டும்தான் எனக்குப் புரியும். மத்ததெல்லாம் எவனோ மறந்து வச்சுட்டுப் போனதுன்னு நினைச்சேன்."

"ஒண்ணு மழையை அளக்கும், ஒண்ணு பனிமூட்டத்தைப் பாக்கும், ஒண்ணு சுரங்கப்பாதையில தண்ணி ஏறுதான்னு பாக்கும். எழுதி ஒட்டுங்கன்னு நானும் சொல்லிட்டுத்தான் இருக்கேன் அண்ணே. நம்பரை மட்டும் ஒட்டறாங்க."

பெட்டியின் அடியில் இருந்த வெள்ளைத் துண்டில் எட்டு இலக்கங்கள் இருந்தன. அக்கா குனிந்து அதைப் படித்தாள். மறுபடி படித்தாள். உள்ளே போனாள்.

சோப்புத் தூள் டப்பாவுக்குப் பின்னால், இயந்திரங்களின் உத்தரவாத அட்டைகளோடு ஒரு பிளாஸ்டிக் உறையில், பதினொரு மாதம் பழையதான ஒரு ரசீது இருந்தது. டிரைவர் முதல்முறை நடுச்சாலையில் தடுமாறி விழுந்த வாரம் அவள் நகராட்சி அலுவலகத்துக்குப் போய் சிக்னல் கேட்டு எழுதிக் கொடுத்த மனுவுக்கானது. அதன்பின் மூன்று முறை போய்க் கேட்டாள். பரிசீலனையில் இருக்கிறது என்றார்கள். நான்காவது முறை அவள் போகவில்லை.

வெளியே வந்து ரசீதைப் பெட்டியருகே பிடித்தாள். எட்டு இலக்கமும் ஒன்றுதான்.

"மனு குடுத்தது நீங்களா!" என்றாள் டெக்னீஷியன்.

கடை போகாது. அக்காவுக்கு மூச்சு சீராக வந்தது. ஆனால் அடுத்த மூச்சுக்குள் கணக்கு ஓடிவிட்டது. பதினாலில் ஒன்பது.

"எத்தனை பேர் நடந்தா சிக்னல் குடுப்பாங்க?"

"ஒரு நாளைக்கு சராசரி முன்னூறு பேர்."

"ஒன்பது நாள் பூஜ்ஜியமா வச்சுக்கிட்டு?"

டெக்னீஷியன் பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்து, வண்டியின் பானட்டில் வைத்தாள். அக்கா முந்தானையில் கையைத் துடைத்தாள். கை ஈரமாக இல்லை.

"மேடம், நான் சும்மா காயப்போடலை. வேணும்னேதான் மறைச்சேன். கடையை இடிக்க வந்துட்டாங்கன்னு நினைச்சு, அந்தக் கண்ணு பாக்கக்கூடாதுன்னுதான் சட்டத்தை நிறுத்தினேன். எழுதறதா இருந்தா என் பேர்ல எழுதிக்குங்க. இவருக்குத்தான் அந்த சிக்னல் வேணும். அதைக் கெடுத்துடாதீங்க."

தெருவில் ஒரு பேருந்து கடந்து போனது. டிரைவர் தன் வலது கையால் இடது கையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"பெட்டியைத் தட்டினீங்களா?" என்றாள் டெக்னீஷியன்.

"ஐயோ, இல்லை."

"வயரைப் பிடுங்கினீங்களா? கண்ணாடியைச் சுரண்டினீங்களா?"

"தொடவே இல்லை. துணி பட்டிருக்கும்."

"அப்ப சேதம் இல்லை." பேனா முனை படிவத்தில் இறங்கியது. "இதுல மூணு கட்டம்தான் இருக்குக்கா. பழுது, சேதம், மறைப்பு. வேணும்னேங்கறதுக்குக் கட்டம் இல்லை. போன தடவை ஒரு இடத்துல மரக்கிளை மறைச்சுது. அதுக்கு முன்னாடி ஒரு விளம்பரத் தட்டி. மறைப்புன்னா அந்த நாட்களைக் கழிச்சுட்டு, மறுபடி முதல் நாள்லேருந்து பதினாலு நாள் எண்ணணும்."

"பெரிய அதிகாரிங்க யாராவது ஒத்துக்கணுமா?"

"இதுக்கு யாரும் மனசு வைக்க வேண்டாம். விதியே அதுதான்."

விவரம் என்ற இடத்தில் அவள் 'துணி' என்று எழுதினாள். அதற்குமேல் எழுத அந்த வரியில் இடமும் இல்லை.

அக்கா வாசலில் கிடந்த அழுக்குத்துணி மூட்டையின் மேல் அப்படியே உட்கார்ந்தாள். அழவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. "துணின்னே எழுதிட்டாங்க" என்றாள் கணவரிடம்.

"உண்மையைத்தானே எழுதினாங்க" என்றார் அவர்.

கிளம்புமுன் டெக்னீஷியன் இரண்டு விஷயம் சொன்னாள். சட்டம் அங்கே வரக்கூடாது. அப்புறம், யாரும் எண்ணிக்கை ஏறட்டும் என்று சும்மா குறுக்கே நடக்கக்கூடாது. ஏதாவது ஒரு நாள் ஆள் உட்கார்ந்து கையாலும் எண்ணுவார்கள், எண்ணிக்கைக்காக நடக்கிறவர்களைக் குறித்துக்கொள்வார்கள், கணக்கு ஒட்டாவிட்டால் எல்லாம் ரத்து.

இரண்டாவது விஷயம் ரேடியோவின் காதில் சரியாக ஏறவில்லை. மூன்றாம் நாள் மதியத்துக்குள் அவர் ஆறு முறை எதிர்ப்பக்கம் போய்வந்தார். ஏழாவது முறை அக்கா அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்கே போறீங்க?"

"திருகாணி வாங்கணும்கா."

"ஒரு திருகாணிக்கு ஒரு நடையா?"

"எல்லாத்தையும் ஒரே தடவை வாங்கினா மறந்துடறேன்."

"மறக்காம இருக்க எழுதித் தரேன். கடையில உக்காருங்க. எப்பவும் போல இருந்தா போதும். நமக்கு நிஜமாவே ஆள் இருக்கு."

ஆள் இருந்தது. அந்தப் பதினாலு நாளும் அக்கா முதன்முறையாக அதைக் கவனித்துப் பார்த்தாள். காலை ஏழுக்குச் செவிலியர்கள் மூன்றும் நான்குமாக. எட்டுக்கு அலுவலகப் பையை மார்போடு அணைத்தபடி ஓடுகிறவர்கள். ஒன்பதுக்குப் பிள்ளைகளைத் தரதரவென்று இழுத்துப்போகும் தாய்மார்கள். பத்துக்கு நோயாளிகள், அவர்களுக்குச் சாப்பாடு கொண்டுபோகும் உறவுக்காரர்கள். எல்லோரும் ஒரே மாதிரி நின்று, ஒரே மாதிரி கழுத்தை நீட்டி, ஒரே மாதிரி பாய்ந்தார்கள். இத்தனை வருடம் இதைச் சாலையின் சத்தத்தில் ஒரு பகுதியாகத்தான் அவள் எடுத்துக்கொண்டிருந்தாள்.

சட்டம் பின்சந்துக்குப் போய்விட்டது. அங்கே வெயில் இரண்டு மணி நேரம்தான். துணி காய ஒரு நாள் அதிகமானது, மடிக்க வேண்டியது குவிந்தது. வேறு வழியில்லாமல் டிரைவரும் மடித்தார். வலது கையால் இழுத்து, இடது கையால் அழுத்திப் பிடித்து, தலையணை உறை ஒன்றுக்கு ஐந்து நிமிடம். "இதைவிட நல்ல பயிற்சி நாங்க குடுக்க முடியாது" என்றார் சிகிச்சையாளர். "சம்பளமில்லாத பயிற்சி" என்றார் டிரைவர்.

ஒரு வியாழக்கிழமை, மடக்கு நாற்காலியோடு ஓர் ஆள் வந்து எதிர்ப்பக்கம் உட்கார்ந்து கையால் எண்ணிவிட்டுப் போனார். அன்று ரேடியோ கடையை விட்டு இறங்கவே இல்லை. பசித்தபோதுகூட.

பதினைந்தாம் நாள் டெக்னீஷியன் கம்பத்தைக் கழற்ற வந்தாள். அக்கா இயந்திரத்தை நிறுத்திவிட்டு வந்தாள். அது பாதியில் நின்றால் முதலிலிருந்து ஓட்ட வேண்டும். பரவாயில்லை.

"எத்தனை?"

டெக்னீஷியன் கருவியைத் திருப்பிக் காட்டினாள். "சராசரி நானூத்துப் பன்னெண்டு. கையால எண்ணினதோட ஒட்டுது."

அக்கா அந்த எண்ணை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தாள். ரேடியோ தெருமுனை வரைக்கும் அதை அறிவித்துவிட்டு வந்தார்.

"அதுல நாங்க ரெண்டு பேரும் எங்கே இருக்கோம்?" என்றார் டிரைவர்.

"யாருன்னு தெரியாதுன்னேனே அண்ணே. சூடு மட்டும்தான்."

"என் வாக்கரைச் சேத்து எண்ணிடலையே? அப்புறம் கணக்கு தப்புன்னு வந்து நிக்கப்போறாங்க."

"வாக்கருக்கு ஏது சூடு?" என்று சிரித்தவள், சிரிப்பு அடங்கியதும் கேட்டாள், "நீங்க பாதி ரோட்டைத் தாண்ட எவ்வளவு நேரம் ஆகுது? சொல்லுங்க, எழுதிக்கறேன். சிக்னல் நேரம் வைக்கறவங்க கேப்பாங்க."

"இப்பல்லாம் நாப்பது விநாடி" என்றாள் அக்கா. யாரும் கேட்காமலே அவள் அதை ஒவ்வொரு நடையிலும் எண்ணிவந்திருந்தாள்.

நான்கு மாதம் ஆனது. சாலையின் இரு பக்கமும் இரண்டு கம்பங்கள் வந்தன. நடுத்தடுப்பின் இடைவெளியை அகலப்படுத்தி, நின்று மூச்சுவிட ஒரு மேடையும், அங்கே இன்னொரு பொத்தானும் வைத்தார்கள். ஒவ்வொரு கம்பத்தின் உச்சியிலும் வானம் பார்த்த தகடு. இந்த முறை கீழே ஒரு பலகையில் எழுதியும் இருந்தது: 'அழுத்திவிட்டுக் காத்திருக்கவும்.'

முதல் நாள் காலை டிரைவர் பொத்தானை இடது கட்டைவிரலால்தான் அழுத்துவேன் என்று பிடிவாதம் பிடித்தார். மூன்று முயற்சி ஆனது. மஞ்சள் மினுக்கியது, பின் சிவப்பு விழுந்தது. ஒரு லாரி நின்றது. அதன் பின்னால் கார்கள் நின்றன. பக்கத்து வரிசையில் ஒரு பேருந்து பெருமூச்சு விட்டு நின்றது. சாலை அப்படி அமைதியாகி அக்கா பார்த்ததே இல்லை. அவளுக்குப் பயமாகக்கூட இருந்தது. டிரைவர் ஊன்றுசட்டத்தை முன்னால் வைத்தார், வலது காலை வைத்தார், இடது காலை இழுத்தார்.

பேருந்தின் ஜன்னலிலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. பழைய கூட்டாளி. "அண்ணே! எங்களையே நிறுத்தறீங்களே, நியாயமா? லேட்டாகுது!"

டிரைவர் நின்று நிமிர்ந்தார். பயணிகளிடம் இருபத்திரண்டு வருடம் சொன்ன பதில் அவர் நாக்கில் தயாராக இருந்தது. "லேட்டாகக்கூடாதுன்னா வீட்டுலேருந்து சீக்கிரம் கிளம்பணும்டா!"

நடு மேடைக்கு முப்பத்தாறு விநாடியில் போனார்கள். மறுபடி பொத்தான், மறுபடி சிவப்பு. அந்தப் பக்கம் நடைபாதையில் ஏறியபின்தான் அக்காவுக்குத் தோளில் ஏதோ கனப்பது தெரிந்தது. வெள்ளை விரிப்பு. பழக்கத்தில் எடுத்துவந்திருக்கிறாள். ஒரு தடவைகூடப் பிரிக்கவில்லை.

"இதை ஏன் தூக்கிட்டு வந்தே?" என்றார் அவர்.

"மருத்துவமனையோடதுதானே, குடுத்துட்டு வந்துடலாம்." அவள் அதை உதறினாள். "கசங்கியிருக்கு. அந்த முனையைப் பிடிங்க, மடிச்சுடலாம்."

அவர் ஊன்றுசட்டத்தில் இடுப்பைச் சாய்த்து நின்று இரண்டு முனைகளையும் வாங்கிக்கொண்டார். இடது கையில் இருந்த முனை நடுங்கியது. ஆனால் விரிப்பு கீழே விழவில்லை.